பழம்பள்ளியும் தலைப்பிள்ளையும்

காவல் உத்தியோகங்களிலே மிகவும் கஷ்டமானது, களவெடுக்க ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் காவல் நிற்பதுதான். வங்கிக்குக் காவல் நிற்பவனுக்குக் கள்ளன் எதற்கு வருவான் என்று தெரியும். தென்னந்தோட்டத்துக் காவற்காரனுக்கும் தெரியும். எனக்கோ கள்ளன் வருவானா, வந்தால் எதை எடுப்பான், எடுக்க ஒன்றும் அகப்படாவிட்டால் என்னை என்ன செய்வான் என்று எதுவுமே தெரியாது. எங்கேயாவது காக்கி உடுப்போடு வெயிலில் நின்று கால் கடுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பாடு உங்களுக்கு விளங்கும்.

நான் காத்தது ஒரு பழம்பள்ளி. பள்ளி என்றால் பள்ளிக்கூடம் அல்ல, சோனகர் தொழுத பள்ளிவாசல். ஊர்காவற்றுறைப் பாதையை விட்டுச் சுருவில் பக்கமாகக் கடற்கரைக்கு இறங்கினால் பனைகளுக்கு நடுவே தெரியும். கப்பலில் வந்த வியாபாரிகள் எந்தக் காலத்திலோ கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டியதாம். நான் போனபோது கூரை இல்லை. மேற்குச் சுவரும், அதிலே தொழுகை நடத்துகிறவர் நிற்கும் வளைவு மாடமும், கைகால் கழுவும் கல்தொட்டியும், மண்ணோடு மண்ணான சில கல்லறைகளும், ஒரு பூவரச மரமும்தான் மிச்சம். பக்கத்தில் ஒரு சோனகக் குடும்பமும் இல்லை. சுற்றிவர எங்கள் கத்தோலிக்க வேதக்கார மீன்பிடிச் சனமும், தோட்டம் செய்கிற சைவச் சனமும்தான்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் பயம். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் பயந்தவன் நான். அப்பு காய்ச்சலில் மோசம்போய்க் கண்ணை மூடிய பிறகு வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். கோயில் சுவாமியார் இரக்கப்பட்டு யாரோ ஒரு பெரியவரிடம் சொல்லி என்னை வாச்சர் ஆக்கிவிட்டார். முதல் நாள் காக்கிக் காற்சட்டையோடு நான் கரை வழியாகப் போக, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் சொந்த மாமா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நல்லது மனுவேல். அந்தச் சுவர் எழும்பி ஓடினால் பிடிச்சுக் கட்டும்."

பலகை வந்தது

முதல் ஆறேழு மாதம் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் போவேன், ஆடுகளைத் துரத்துவேன், பூவரசின் கீழே சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன், பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடுவேன். பிறகு ஒரு நாள் லொறியில் தகரப் பலகை ஒன்று வந்தது. மூன்று பாஷையிலும் எழுத்து. மற்ற இரண்டும் என்ன சொல்லின என்று நான் அறியேன். தமிழிலே பெரிய எழுத்தில் "புதைபொருள் பாதுகாப்பு நிலம்" என்றும், அதன் கீழே "இங்கு தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம்" என்றும் இருந்தது.

படித்த மனிதருக்குப் புதைபொருள் என்றால் பழங்கால ஆராய்ச்சி. எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லுக்கு ஒரேயொரு கருத்துத்தான்: நிலத்துக்குள் புதைத்து வைத்த பொன். அதுவரைக்கும் ஆட்டைத் தவிர ஒரு சீவனும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு ஆட்கள் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். வந்து பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள், நிலத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவார்கள். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சின்னத்தம்பி அண்ணையிடம் போய், அங்கே ஒன்றும் இல்லை, நாலுபேருக்கு எடுத்துச் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "பொருள் இல்லாத இடத்துக்குக் கவுண்மேந்து பலகையும் போட்டு, ஆளும் போட்டு, தோண்டாதை எண்டும் எழுதுமோ, தம்பி?"

எத்தினையாவது பிள்ளை?

முருகேசு கிணறு வெட்டுகிறவன். தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர் எங்கே வரும், உப்பு எங்கே வரும் என்று மண்ணைக் கிள்ளிப் பார்த்தே சொல்லுவான் என்று பேர். ஒரு நாள் மத்தியானம் வந்து என் பக்கத்தில் குந்தினான். பீடி ஒன்று நீட்டினான். காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைத்தான். பிறகு என்னை உச்சியிலிருந்து பாதம்வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீர் வீட்டிலை எத்தினையாவது?" என்று கேட்டான்.

"நான்தான் மூத்தவன். தலைப்பிள்ளை," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவன் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டான்.

அடுத்த கிழமைக்குள் அதே கேள்வியை வேறும் இரண்டு பேர் கேட்டார்கள். இதென்ன புதினமான கேள்வி என்று சின்னத்தம்பி அண்ணையிடம் கேட்டேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. புதைத்த பொன்னைப் பூதம் காக்குமாம். பூதம் விலக வேண்டுமானால் தலைப்பிள்ளையின் இரத்தம் கொடுக்க வேணுமாம். பாலம் போட்ட காலத்திலும் இதே கதை உலாவி, தாய்மார் தலைப்பிள்ளைகளை வெளியில் விடாமல் வைத்திருந்ததை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அப்போது அது சின்னப்பிள்ளைகளின் கதை. முப்பது வயதுக் காக்கி உடுப்புக்காரனும் அதற்குள் அடங்குவான் என்று எனக்குத் தோன்றவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று எழும்பினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இனி ஆர் கேட்டாலும் நான் இரண்டாவது எண்டு சொல்லும். ஊருக்குத் தெரியும்தான், எண்டாலும் சொல்லிப் பாரும்."

மாடத்தில் தேசிக்காய்

ஒரு விடியற்காலை நான் போனபோது வளைவு மாடத்துக்குள்ளே வெட்டிக் குங்குமம் தடவிய தேசிக்காய்கள், வெட்டாத தேசிக்காய்கள், எரிந்த கற்பூரம், கறுப்பு நூல். காவற்காரன் என்ற முறையில் நான் அதை அகற்ற வேண்டும். மனுவேல் என்ற முறையில் அந்தப் பக்கம் திரும்பவே என்னால் ஏலவில்லை. சுவருக்கு முதுகு காட்டிக்கொண்டு செபமாலையை உருட்டியபடி வெயில் ஏறும்வரை இருந்தேன்.

நல்ல வேளையாகக் காசிம் நானா அன்றைக்குத்தான் வந்தார். பட்டினத்தில் தையல் கடை வைத்திருந்தவர். வருஷத்தில் ஒருமுறை பஸ் பிடித்து வந்து, கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தி ஓதிவிட்டுப் போவார். மாடத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. முகம் துடைக்கும் லேஞ்சியால் எல்லாவற்றையும் துடைத்துத் துப்புரவாக்கினார். வெட்டாத தேசிக்காய் இரண்டை மணந்து பார்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், வீட்டில் ஊறுகாய்க்கு ஆகுமாம். அந்தத் துணிச்சலைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் துணிவு வந்தது. "நானா, உண்மையைச் சொல்லுங்கோ, இதுக்குக் கீழை ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். அவர் கல்லறைகளைக் காட்டினார். "இருக்கிறதெல்லாம் மவுத்தாப் போன ஆக்கள்தான், வாச்சர். ராசாவெண்டாலும் வெள்ளைத் துணியில சுத்தித்தான் வைப்பம். கூட ஒரு மோதிரமும் வைக்கிறதில்ல."

என் அளவுக்கு ஒரு குழி

காசிம் நானா சொன்னதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் நம்பவில்லை. பத்து நாள் கழித்து, கல்தொட்டிக்கும் பூவரசுக்கும் நடுவே ஒரு குழி கிடந்தது. புதையல் தோண்டுகிறவன் வட்டமாக ஆழத்துக்குத் தோண்டுவான் என்று நினைத்திருந்தேன். இது நீளமாக, ஆழமில்லாமல், விளிம்பெல்லாம் நேர் கோடு பிடித்ததுபோல வெட்டியிருந்தது. எட்ட நின்று பார்த்தேன். என் நிழல் அதற்குள் விழுந்தது. நான் நெட்டை ஆள். ஊரில் எந்தக் கட்டிலிலும் என் கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் கிடக்கும். அந்தக் குழிக்குள் என் நிழலுக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இடம் மிச்சம் இருந்தது.

தபாற் கந்தோருக்கு ஓடிப்போய்த் தந்தி அடித்தேன். மூன்றாம் நாள், எனக்கு மேலே உள்ள ஓவசியர் வந்தார். அவர் குழியைச் சுற்றி நடந்தார், நாடாவால் அளந்தார், குனிந்து மண்ணை மணந்தார். எனக்கு இரண்டு இரவாக நித்திரை இல்லை, உயிருக்குப் பயமாயிருக்கிறது என்று சொன்னேன். குழியையாவது இப்போதே மூடிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டார். "விசர்க்கதை கதையாதையும். மேலிடத்தார் வந்து பார்க்குமட்டும் குழி இப்பிடியே கிடக்கவேணும். அதுக்கும் சேர்த்து நீர்தான் காவல்."

அம்மா கேட்டது

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டு, நாளைக்கே வேலையை விடப் போகிறேன் என்றேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பூதம், தலைப்பிள்ளை, இரத்தம், குழி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பெற்ற வயிறு பதறும், கட்டிப்பிடித்து அழுவா, சுவாமியாரிடம் ஓடுவா என்றெல்லாம் எதிர்பார்த்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தலைப்பிள்ளை என்ற சொல் வந்த இடத்தில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தா, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. கடலுக்குப் போகாத மகன் செத்தால் என்ன, இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டாவோ என்றுகூட யோசித்தேன். ஆனால் குழி என்றதும் கத்தியை வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் எழும்பி வந்தா. "குழி எந்தப் பக்கம் மோனை? தொட்டிப் பக்கமோ, பூவரசடியோ?"

கயிறு கட்டின மூலை

மாரி தொடங்குவதற்கு முன்னே மேலிடத்தார் வந்தார்கள். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி, தொப்பியும் குடையுமாக. தமிழர்தான். குழியைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. களவாகத் தோண்டுகிறவர்களுக்கு முந்தி நாங்களே முறையாகத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார். கட்டை அடித்துக் கயிறு கட்டி நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார். ஊரில் கூலிக்கு ஆள் பிடித்தார். முதல் ஆளாக வந்து நின்றவன் முருகேசு. நாளைக்கு விடிய, பூவரச மூலையில் தொடக்கம் என்றார்.

எனக்கு உள்ளூர ஆறுதல்தான். அரசாங்கமே தோண்டி ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டால் என் கழுத்து தப்பும். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கதிரையில் இருந்தவ, கதிரையோடு சரியப் பார்த்தா. தங்கச்சிமாரை வெளியே அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினா.

கலியாணம் முடித்த புதிதில் அப்புவும் அம்மாவும் அனலைதீவில் இருந்தார்கள். அம்மாவுக்கு மாதம் நிறைய முன்னமே வலி கண்டது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு என்று அப்பு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். காற்று தள்ளி, வள்ளம் பழம்பள்ளிக் கரையில் ஒதுங்கியது. மணலிலேயே பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. ஒருமுறை அழுதது, பிறகு நீலம் பாரித்தது. சுவாமியார் இல்லாத இடத்தில் சாகிற பிள்ளைக்கு யாரும் ஞானத்தண்ணீர் வார்க்கலாம் என்று அப்புவுக்குத் தெரியும். நல்ல தண்ணீர் தேடி ஓடினார். பள்ளியின் கல்தொட்டியில் கிடந்த மழைத்தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குச் சவக்காலையில் இடம் இல்லை. இதுவும் கடவுளைக் கும்பிட்ட இடந்தானே என்று அப்பு பூவரசடியில் தன் கையாலேயே மண்ணைத் தோண்டிப் பிள்ளையை வைத்தார். இருவரும் அனலைதீவுக்கே திரும்பிப் போனார்கள். இந்த ஊருக்குக் குடிவந்தபோது அம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன்; முந்தின பிள்ளையைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இவ்வளவு நாளும் அந்த மரத்தின் கீழே இருந்துதான் நான் சோறு தின்றிருக்கிறேன். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "பக்கத்திலை அவ்வளவு கடல் கிடந்தது. உப்புத்தண்ணி ஆகாதெண்டு நினைச்சு ஓடினார். பிறகு ஒருநாள் நான் சுவாமியாரைக் கேட்டனான், கடல்தண்ணி வார்த்தாலும் போதுமாம். உன்ரை அப்புவுக்கு நான் அதைக் கடைசிமட்டும் சொல்லேல்லை."

கயிற்றுக்கு உள்ளே

அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எலும்பு என்று கேட்டால் சந்தோஷப்படுகிற மனிதர் அவர். ஊர்ச்சனத்திடம் சொல்லியிருந்தால் என் உயிர் தப்பியிருக்கும், நான் தலைப்பிள்ளை இல்லை என்று ஆகிவிடும். ஆனால் பூதத்துக்குத் தலைப்பிள்ளை எப்போதோ கொடுத்தாகிவிட்டது என்று அன்றைக்கே மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூவரசடியைத்தான் தோண்டுவார்கள். விடியும்வரை யோசித்தும் எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

காலையில் கூலிக்காரர் மண்வெட்டியோடு கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். அதிகாரி கை காட்டினார். நான் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பூவரசடியில் சப்பாணி கட்டி இருந்துவிட்டேன். இதை வீரம் என்று எண்ண வேண்டாம். நின்றுகொண்டிருந்தால் ஓடியிருப்பேன், அதனால்தான் இருந்தேன். தெரிந்த முகங்களைப் பார்த்தபடி, எந்தச் சொல்லுக்குப் பயந்து இத்தனை நாள் செத்துப் பிழைத்தேனோ அதை என் வாயாலேயே சொன்னேன்: "நான் தலைப்பிள்ளை. உங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த மூலையிலை மண்வெட்டி விழுந்தால் பூதம் என்னைக் கேக்கும். வெட்டுறதெண்டால் என்னைக் குடுத்துப்போட்டு வெட்டுங்கோ." எனக்குக் கீழே, ஒரு முழ ஆழத்தில், உண்மையான தலைப்பிள்ளை கேட்டுக்கொண்டு கிடந்தான்.

ஒருவரும் அசையவில்லை. அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. வேலையை விட்டு நீக்குவேன் என்றார், பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். நான் எழும்பவில்லை. முருகேசு மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தான். அவன் வைத்ததும் மற்றவர்களும் வைத்தார்கள். அதிகாரி தெற்கே இருட்டிக்கொண்டு வந்த மழையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கட்டைகளைப் பிடுங்கிக் கல்தொட்டிக்கு அந்தப் பக்கம் அடிக்கச் சொன்னார். அங்கே இரண்டு நாள் தோண்டியதில் உடைந்த பீங்கான் ஓடுகளும் துருப்பிடித்த ஆணிகளும் வந்தன. அவற்றையே அவர் பஞ்சில் பொதிந்து பெட்டியில் அடுக்கிச் சந்தோஷமாகக் கொண்டுபோனார். பூவரச மூலையை அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை.

எல்லாரும் போன பிறகு முருகேசு மட்டும் நின்றான். பீடி நீட்டினான். அவனே பற்றவைத்துத் தந்தான். "அண்டைக்கு அந்தக் குழி நான் வெட்டினதுதான், வாச்சர். உம்மடை நெடுப்பம் சரியாய்த் தெரியாமல் ஒரு சாண் கூடப் போட்டன். இண்டைக்கு நீரே வந்து குந்தின பிறகு எனக்கு மண்வெட்டி பிடிக்க ஏலாமல் போச்சு."

அரசாங்க உத்தியோகத்திலே மேலே உள்ளவர் இல்லாதபோது அவருக்குப் பதிலாகக் கடமை பார்த்தவர்கள் பலர் உண்டு, ஆனால் மண்ணுக்குள் கிடந்த அண்ணனுக்குப் பதிலாக மூத்தவன் என்ற பதவியைப் பார்த்து, பயத்தையே சம்பளப் படியாக வாங்கிக்கொண்டு உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவன், எனக்குத் தெரிய, நான் ஒருவன்தான்.